இரண்டு மாத்திரைகளுக்கு நடுவே

குடித்துவிட்டு மனைவியை அடிக்கிற ஆளை நம் எல்லோருக்கும் தெரியும். தெருவுக்கு ஒருவராவது இருந்திருப்பார். சாயங்காலம் கடை, ராத்திரி ரகளை, காலையில் எதுவுமே நடக்காத மாதிரி காப்பி கேட்பது. "உள்ள போனாத்தான் அப்படி, மத்தபடி தங்கமான பிள்ளை" என்று பெற்ற அம்மாவே வந்து சாட்சி சொல்வார். போதை ஏறினால் கை நீளும், இறங்கினால் அடங்கும் என்பது நாம் பார்த்துப் பழகிய கணக்கு.

ஓபியாய்டு விஷயத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன், ஹெராயின், ஃபெண்டனில் எல்லாம் ஒரே குடும்பம். சில அபினிலிருந்து வந்தவை, சில அபினைப் போலவே வேலை செய்யும்படி ஆய்வகத்தில் உருவாக்கியவை. உள்ளே போனதும் ஆள் சாந்தமாகிவிடுவார். சோபாவில் உட்கார்ந்தபடியே தலை தொங்கிவிடும். விரலிடுக்கில் இருக்கும் சிகரெட் தோலைச் சுடும்வரை தெரியாது. அந்த நேரத்தில் அவரால் யாரையும் அடிக்க முடியாது. வீட்டில் இருப்பவர்கள் பயப்பட வேண்டியது அது இறங்கத் தொடங்கும்போது.

நான் அமெரிக்காவில், ஓஹியோ மாநிலத்தின் தெற்கில், மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கி. கொஞ்ச தூரம் போனால் மேற்கு வர்ஜீனியா. ஒரு காலத்தில் நிலக்கரி, இரும்பு, காலணித் தொழிற்சாலை என்று கையில் காசு புழங்கிய ஊர்கள். இப்போது பெரிய முதலாளி என்றால் மருத்துவமனையும் சிறைச்சாலையும்தான். இந்த வட்டாரத்தில் ஓபியாய்டு பற்றிப் பேச ஒரு அலுவலகம் இருக்கிறது, குடும்ப வன்முறை பற்றிப் பேச இன்னொரு அலுவலகம் இருக்கிறது. தனித்தனிக் கட்டடம், தனித்தனிப் படிவம், தனித்தனி நிதி. இரண்டையும் ஒரே வீட்டுக்குள் அனுபவிக்கிற பெண் எந்தக் கதவைத் தட்டினாலும் அவள் கதையில் பாதியைத்தான் கேட்கிறார்கள். அந்தப் பாதிக்கும் மறுபாதிக்கும் நடுவில்தான் உயிர் போகிறது என்பது என் எண்ணம். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். இதில் வரும் ஆட்களை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் மாத்திரை வந்த கதை. 1996இல் பர்டூ ஃபார்மா நிறுவனம் ஆக்சிகான்டின் என்னும் ஆக்சிகோடோன் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரு மாத்திரை போட்டால் 12 மணி நேரம் வலி தெரியாது என்பதுதான் அதன் விற்பனைக்கே ஆதாரம். ஒரு நாளைக்கு இரண்டே மாத்திரை, ராத்திரி நிம்மதியான தூக்கம். ஆனால் பலருக்கு 12 மணி நேரம் தாங்கவில்லை. அதற்கு முன்பே வலி திரும்பியது, கூடவே உடம்பு உதறியது. 2016இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பத்திரிகை இதை விரிவாக வெளியிட்டது. நோயாளிகளுக்கு முன்னதாகவே தீர்ந்துவிடுகிறது என்று மருத்துவர்கள் சொன்னபோது, இடைவெளியைக் குறைக்காதீர்கள், அளவைக் கூட்டுங்கள் என்று நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதிகள் சொல்லியிருக்கிறார்கள். அளவு கூடக்கூட ஏற்றமும் பெரிது, இறக்கமும் பெரிது. அடிமையாகும் அபாயத்தைக் குறைத்துக் காட்டி விற்றதாக 2007இல் வர்ஜீனியாவின் அபிங்டன் நீதிமன்றத்தில் நிறுவனமும் அதன் மூன்று உயர் அதிகாரிகளும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அபராதம் 63 கோடி டாலருக்கு மேல். மாத்திரை விற்பனை மட்டும் நிற்கவில்லை.

மேற்கு வர்ஜீனியாவில் வில்லியம்சன் என்றொரு ஊர். மக்கள்தொகை சுமார் 3,000. பத்தாண்டுகளில் அந்த ஊரின் இரண்டு மருந்துக் கடைகளுக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட ஓபியாய்டு மாத்திரைகள் போயிருப்பதை அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று 2018இல் வெளியே கொண்டுவந்தது. எங்கள் பக்கம் போர்ட்ஸ்மத் நகரில் ரொக்கம் வாங்கிக்கொண்டு சீட்டு எழுதித் தரும் 'கிளினிக்'குகள் வரிசையாக இருந்தன. 2011இல் ஓஹியோ சட்டம் போட்டு அவற்றை மூடியது. மூடத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஏற்கெனவே உடம்பு பழகிப்போன ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சிகிச்சைக்கு என்ன வழி என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. அவர்கள் ஹெராயினுக்குப் போனார்கள், அப்புறம் ஃபெண்டனிலுக்கு. 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமெரிக்காவில் அதிக அளவு போதை மருந்தால் இறந்தவர்கள் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல். பெரும்பாலும் ஓபியாய்டு. 2024இல்தான் அந்த எண்ணிக்கை நன்றாகக் கீழே இறங்கியது.

அந்த ஒரு லட்சத்தில், சமையலறையில் கணவன் கையால் சுடப்பட்டு இறந்த பெண் வரமாட்டாள். அவள் வேறு கணக்கில் வருவாள்.

உடம்பு என்ன பாடுபடும் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. ஆக்சிகோடோனோ ஹெராயினோ கடைசியாக எடுத்து ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள், மருந்து இறங்குவதால் வரும் அவஸ்தை தொடங்கும். முதலில் கொட்டாவி மேல் கொட்டாவி. கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகும். மயிர்க்கூச்செறியும். வயிற்றுப்போக்கு, வாந்தி, எலும்புக்குள் குடைகிற மாதிரி வலி. கால் தானாகவே உதைத்துக்கொள்ளும். தூக்கம் அறவே கிடையாது. இரண்டாவது, மூன்றாவது நாளில் உச்சம். ஓபியாய்டு இருக்கும்வரை மூளைத்தண்டில் அடங்கிக் கிடந்த நார்அட்ரினலின், அது விலகியதும் மடை திறந்த மாதிரி பொங்கும். புலியைக் கண்டால் ஓடவோ அடிக்கவோ உடம்பைத் தயார்ப்படுத்துகிற அதே ரசாயனம். எதிரே புலி இல்லை. மனைவிதான் நிற்கிறாள்.

இதனால் எல்லோரும் கொலைகாரர்களாகிவிடுவதில்லை. நான் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் இந்த வேதனையைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு குளியலறைத் தரையில் கிடந்து கழித்தவர்கள்தான். யார்மீதும் கை வைக்காதவர்கள். அடிமைப்பட்டவர் என்றாலே வன்முறையாளர் என்று எழுதுவது அநியாயம். அந்த முத்திரைக்குப் பயந்தே பாதிப் பேர் சிகிச்சைக்கு வருவதில்லை. நான் பேசுவது வேறு ஒருவரைப் பற்றி: மாத்திரை வருவதற்கு முன்பே மனைவி எங்கே போகிறாள், யாரிடம் பேசுகிறாள் என்று கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர். அவருடைய கையில் இந்த மருந்தும், மருந்து தீர்ந்த மணி நேரங்களும் வந்து சேரும்போது என்ன ஆகிறது என்பது பற்றி.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, காரில் இருந்தபடியே மருந்து வாங்கும் ஜன்னலுக்கு ஒரு பெண் வந்தார். ஓட்டியது அவர்தான். பக்கத்து இருக்கையில் கணவர், தலைக்கு மேல் சட்டையின் முக்காடு, முகம் முன்பக்கம், முழங்கால் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. கணவரின் 28 நாள் மருந்தை இன்னும் ஒரு வாரம் இருக்கும்போதே கேட்டார். மாத்திரை கை தவறிச் சிங்க்கில் விழுந்துவிட்டதாம். சிங்க்கில் விழுவது, நாய் தின்றுவிடுவது, பெட்டி காணாமல் போவது எல்லாம் இங்கே தினமும் கேட்கிற கதை. ஓஹியோவில் இந்த வகை மாத்திரை ஒவ்வொன்றும் மாநிலக் கணினிப் பதிவில் ஏறும், முன்கூட்டித் தர முடியாது. சொன்னேன். அவர் வாதாடவில்லை. ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்ந்து, உதடு மட்டும் அசைகிற குரலில், "ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்க மேம். நான் கேட்டேன்னு எழுதுங்க. நீங்கதான் முடியாதுன்னு சொன்னீங்கன்னு எழுதுங்க. தேதி போடுங்க" என்றார்.

மருந்துக்காகச் சண்டை போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்து கிடைக்கவில்லை என்பதற்கு ரசீது கேட்டவரை அன்றுதான் பார்த்தேன். வெறுங்கையோடு போனால் அது அவருடைய குற்றமாகும், சரியாகக் கேட்கத் தெரியவில்லை என்று ஆகும், அல்லது வேண்டுமென்றே கேட்கவில்லை என்று ஆகும். எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தேன். அப்புறம் பக்கத்து இருக்கைக்குக் கேட்கும்படி, "சார், உங்க வைஃப் ரொம்பக் கேட்டாங்க. சட்டம் இடம் கொடுக்கல. டாக்டர் அலுவலகத்துக்கு நானே ஃபோன் பண்றேன்" என்று சத்தமாகச் சொன்னேன். அவர் திரும்பவே இல்லை. முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

திருமணம் என்பதால் இதில் சில விஷயங்கள் தனியாகச் சேர்ந்துகொள்கின்றன. ஒரே வங்கிக் கணக்கு, ஒரே காப்பீடு, ஒருவர் சீட்டுக்கு இன்னொருவர் மருந்து வாங்கலாம். மனைவிக்குப் பல் பிடுங்கினால், சிசேரியன் ஆனால், அவளுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரைகூடக் கணவருக்குத்தான் போகிறது. தையல் போட்ட வயிற்றோடு வெறும் டைலனால் (நம் ஊர் பாராசிட்டமால்) வாங்க வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உடனே உறைக்கும். சில வீடுகளில் மனைவிக்கு இல்லாத முதுகுவலியைச் சொல்லி சீட்டு வாங்கி வரச் சொல்கிறார்கள். முடியாது என்று சொன்ன நாளில்தான் முதல் அடி விழுந்தது என்று சொன்னவர் உண்டு. சரி என்று ஒருமுறை போய்விட்டாலோ அது அவர் கழுத்துக்குச் சுருக்கு. "போலீஸுக்குப் போ, மொதல்ல உன்னைத்தான் பிடிப்பாங்க" என்று கணவர் மிரட்டுவார். அந்த மிரட்டலில் உண்மையும் இருக்கிறது.

இன்னொரு விஷயம், மருத்துவத் துறையில் இருக்கிற எங்களைப் பற்றியது. மாத்திரையை அளவுக்கு மீறி எடுக்கிறவரிடம், "பெட்டியில் பூட்டி மனைவியிடம் சாவியைக் கொடுங்கள், அவர் வேளைக்கு எடுத்துத் தருவார்" என்று சொல்வது வழக்கம். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். குழந்தைகள் இருக்கிற வீட்டில் பூட்டுப் பெட்டி அவசியமும்கூட. நம் ஊரிலும் குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையை மனைவி கையில் கொடுத்து, தினமும் கண் முன்னால் விழுங்க வையுங்கள் என்று சொல்லும் பழக்கம் உண்டு. அன்பான வீட்டில் இது வேலை செய்யும். அடிக்கிற வீட்டில், அவருக்கும் அவர் மாத்திரைக்கும் நடுவில் மனைவியைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். ராத்திரி இரண்டு மணிக்கு எலும்பு குடையும்போது சாவி அவள் கழுத்தில் தொங்குகிறது. வீட்டில் யாராவது அடிப்பார்களா, மிரட்டுவார்களா என்று அவளைத் தனியாக ஒரு வார்த்தை கேட்காமல் சாவியை அவளிடம் தரச் சொல்லவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இனி ஆராய்ச்சிக்கு வருகிறேன். ஜாக்குலின் கேம்ப்பெல் என்று ஒரு செவிலியர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். அடி வாங்கும் பெண்களில் யார் கொலையாகும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்பதை அளக்க 1985இல் ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார். 2003இல் அவருடைய குழு, 11 நகரங்களில் கணவனாலோ துணையாலோ கொல்லப்பட்ட பெண்களின் வீட்டுச் சூழலை, அடி வாங்கி உயிரோடு இருக்கும் பெண்களின் சூழலோடு ஒப்பிட்டு ஒரு ஆய்வை வெளியிட்டது. அடிக்கிறவர் கைக்கு எட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் ஆபத்து ஐந்து மடங்கு. அவருக்கு வேலை இல்லாவிட்டால் நான்கு மடங்கு. கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல், கட்டுப்படுத்துகிற கணவனை விட்டு அவள் விலகியது, முந்தைய உறவில் பிறந்த அவளுடைய குழந்தை வீட்டில் இருப்பது எல்லாம் ஆபத்தைக் கூட்டின. அவர் போதைப்பொருள் எடுப்பதும் கூட்டியது. ஆனால் முந்தைய மிரட்டல்களையும் அடக்குமுறையையும் கணக்கில் சேர்த்ததும், போதைக்கென்று இருந்த தனிப் பங்கு மங்கிவிட்டது. கொல்லப்பட்ட பெண் போதைப்பொருள் எடுத்தாளா என்பதற்கும் அவள் சாவுக்கும் தனித் தொடர்பே தெரியவில்லை.

இதை அவசரமாகப் படித்தால் போதைக்கு இதில் பங்கே இல்லை என்று தோன்றும். நான் அப்படிப் படிக்கவில்லை. சுரங்கத்திலோ கட்டட வேலையிலோ முதுகு ஒடிந்தவருக்கு மாத்திரை கொடுக்கிறார்கள். மாத்திரை அவருடைய வேலையைத் தின்கிறது. வேலை போனதும் நாள் முழுக்க வீட்டில். காருக்குக் கட்ட வேண்டிய பணம் மாத்திரைக்குப் போகிறது. அவள் எண்ணிப் பார்க்க ஆரம்பிக்கிறாள், ஒளித்து வைக்கிறாள், டாக்டருக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிடுகிறாள், கழிப்பறையில் கொட்டிவிடுகிறாள். ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகத் துணிமணி எடுத்து வைக்கிறாள். வேலையின்மை, மிரட்டல், பிரிவு என்று ஆய்வில் தனித்தனி வரிசையாக இருப்பவை எல்லாம் இந்த வீட்டில் ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்று வருகின்றன. போதை அவற்றை நெருக்கமாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. இங்கே பல வீடுகளில் கூடவே மெத் (மெத்தாம்ஃபெட்டமின் என்னும் ஊக்கப் போதைப்பொருள்) புழங்குகிறது. அது தூக்கத்தைக் கெடுத்து, எல்லோர் மேலும் சந்தேகத்தை ஏற்றும். சாராயமும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

குடும்ப வன்முறைக்கு எதிராக வேலை செய்பவர்கள் பல காலமாகப் 'போதைதான் காரணம்' என்ற பேச்சை எதிர்த்து வந்திருக்கிறார்கள். நியாயம்தான். மாத்திரைக்குத் தவிக்கும் அதே ஆள் டாக்டரை அடிப்பதில்லை, போலீஸை அடிப்பதில்லை, தன் மேலாளரை அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, ஒருத்தியை மட்டும் அடிக்கிறார். யாரை அடிக்கலாம் என்ற தேர்வு அவருக்கு அந்த நிலையிலும் தெரிந்திருக்கிறது. 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று சொல்லி வளர்த்த நமக்கு இது புரிய வேண்டும். அதே சமயம், போதையைப் பற்றிப் பேசவே கூடாது என்று ஒதுக்கிவிட்டால், எந்த நாள், எந்த நேரம் ஆபத்து என்பதைச் சொல்லும் கடிகாரத்தை நாமே தூக்கி எறிகிறோம். காப்பகத்தில் ஆலோசகராக இருக்கும் என் தோழி, பெண்களிடம் இப்போதெல்லாம் நேரடியாகவே கேட்கிறார்: அவருக்கு மருந்து எப்போது தீரும்? தீர்ந்த அன்று நீங்கள் எங்கே இருப்பீர்கள்?

கழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கணவன் ஒருமுறை கழுத்தை நெரித்திருந்தால், பின்னாளில் அவன் கையால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று 2008இல் வந்த ஆய்வு சொல்கிறது. பாதிப் பேருக்கு வெளியில் காயமே தெரியாது. கடைக்கு வந்து தொண்டைக்கு மிட்டாய் கேட்பார்கள். குரல் கரகரக்கும், எச்சில் விழுங்கும்போது முகம் சுளிக்கும், கண்ணின் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். சளி இருக்காது, காய்ச்சல் இருக்காது. கழுத்து ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்திருந்தால் நாள்கள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். மிட்டாயைக் கொடுத்து அனுப்புகிற விஷயம் இல்லை இது, அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய விஷயம்.

ஓஹியோவில் குடும்ப வன்முறை அமைப்புகளிடம் உதவி தேடி வந்த பெண்களிடம் கேட்டபோது, பத்தில் எட்டுப் பேர் தலையில் அடி வாங்கியிருந்தார்கள், அதே அளவு பேர் கழுத்து நெரிபட்டிருந்தார்கள். மூளைக்குப் பிராணவாயு நின்றுபோகும்போது நினைவு தடுமாறும், சொன்னதையே திரும்பச் சொல்வார்கள், தேதி மாறிப்போகும். இப்படி ஒரு பெண் காவலர் முன்னால் நின்றால் அவர்தான் போதையில் இருக்கிறார் என்று எழுதிக்கொள்கிறார்கள். மாத்திரையை விழுங்கிச் சாந்தமாகிவிட்ட கணவரோ வாசலில் நின்று தெளிவாக, மரியாதையாகப் பதில் சொல்கிறார்.

பெண்ணே அடிமைப்பட்டிருக்கும் வீடுகள் இன்னும் மோசம். தேசிய குடும்ப வன்முறை உதவி எண்ணுக்கு அழைத்த பெண்களிடம் நடத்திய கணக்கெடுப்பில் நான்கில் ஒருவருக்கு மேல், கணவனோ துணையோ தன்னை வற்புறுத்திக் குடிக்கவோ போதைப்பொருள் எடுக்கவோ வைத்ததாகச் சொன்னார்கள். சிகிச்சைக்குப் போக முயன்றவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களைத் துணை தடுக்கப் பார்த்திருக்கிறார். மெதடோன் என்பது ஓபியாய்டு பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரும் மருந்து. அதில், குறிப்பாகத் தொடக்க நாள்களில், பலர் தினமும் காலையில் குறித்த நேரத்துக்குக் கிளினிக்குக்குப் போய் மருந்தை அங்கேயே குடிக்க வேண்டியிருக்கிறது. விட்டு ஓடிய மனைவி தினமும் காலையில் எங்கே நிற்பாள் என்று கணவருக்குத் தெரியும். வண்டி நிறுத்துமிடத்தில் காத்திருந்தால் போதும். நியூயார்க்கின் மெதடோன் கிளினிக்குகளில் 400க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்து நபிலா எல்-பஸ்ஸல் குழு 2005இல் எழுதிய ஆய்வில், போதை அடியைக் கொண்டுவருகிறது, அடி மறுபடி போதையைக் கொண்டுவருகிறது என்று இரு திசையிலும் தொடர்பு தெரிந்தது.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது, கணக்கிலேயே வராத சாவுகள். அடிக்கிற கணவனோடு வாழ்ந்த ஒரு பெண் படுக்கையில் இறந்து கிடக்கிறாள், ரத்தத்தில் ஃபெண்டனில். 'தவறுதலாக அளவு மீறியது' என்று எழுதிக் கோப்பை மூடிவிட முடியும். ஊசியைப் போட்டது யார், மூச்சு அடங்கும்போது பக்கத்தில் இருந்தது யார், ஓபியாய்டை முறித்து மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும் நலோக்சோன் மருந்து அலமாரியில் இருந்தும் ஏன் எடுக்கவில்லை என்று யாராவது கேட்டால்தான் தெரியும். எல்லாச் சாவும் கொலை என்று சொல்லவில்லை. முன்பு அடித்ததாகப் புகார் உள்ள வீட்டில் இந்தக் கேள்விகளைக் கேட்பது கட்டாயமாக வேண்டும் என்கிறேன்.

துப்பாக்கி விஷயத்தில் சட்டம் காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. மனைவியை அடித்த வழக்கில் தண்டனை பெற்றவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று 1996லிருந்து மத்திய சட்டம். மனைவியைப் பாதுகாக்க நீதிமன்றம் யார்மீது பாதுகாப்பு உத்தரவு போட்டிருக்கிறதோ அவரிடமும் இருக்கக் கூடாது என்ற விதியை 2024இல் ரஹீமி வழக்கில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று உறுதிசெய்தது. ஆனால் மான் வேட்டைக்குப் போகாத வீடே இல்லாத மலைப்பகுதியில், உத்தரவு கிடைத்த அன்று மாலை போய் அலமாரியைத் திறந்து பார்ப்பது யார்? பெரும்பாலும் யாரும் போவதில்லை.

சிகிச்சை உதவுமா என்றால், என் பதில் ஆம், பாதி. ஓபியாய்டு பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரும் பியூப்ரெனார்ஃபின் மருந்து ஒரு நாளுக்கு மேல் உடம்பில் நிற்கும், ஏற்ற இறக்கம் இல்லை, அந்த வெறிபிடித்த மணி நேரங்கள் இல்லை. 2023லிருந்து இதை எழுதித் தர மருத்துவர்களுக்குத் தனி அனுமதி தேவையில்லை. மாதம் ஒருமுறை போடும் ஊசி வடிவத்துக்கும் 2017இல் அனுமதி கிடைத்தது. அந்த ஊசியை நான் எப்போதும் பரிந்துரைப்பேன், காரணம் வேறு: வீட்டில் மாத்திரை இல்லை, பூட்டுப் பெட்டி இல்லை, சாவி இல்லை, ஜன்னலுக்கு அனுப்ப ஆள் தேவையில்லை. மறுபாதி அடக்குமுறை. அதற்கு ஊசி கிடையாது. தெளிந்த பிறகும் மனைவியின் ஃபோனைப் பறிக்கிறவர், போதையோடு சேர்த்து அதையும் விட்டுவிடவில்லை. மறுவாழ்வு மையத்திலிருந்து பட்டயம் வாங்கிவந்த கணவரை நம்பி, வாங்கிய பாதுகாப்பு உத்தரவை ரத்துசெய்யச் சொல்லிச் சொந்தக்காரர்கள் நெருக்குவதையும் பார்க்கிறேன். இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டிலும் டபென்டடால் என்னும் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிச் செய்தி வராத மாதம் குறைவு. அதுவும் ஓபியாய்டுதான். இந்திய அளவில் சுமார் 2.26 கோடிப் பேர் ஓபியாய்டு பயன்படுத்துவதாக மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவமனை எடுத்த 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. இந்த இளைஞர்களுக்கு நாளை கல்யாணம் ஆகும். 'கால்கட்டு போட்டால் திருந்திவிடுவான்' என்று பெண் பார்க்கிற வீடுகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. மகளிர் காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது, குடிக்கிறாரா என்று கேட்பதோடு நிறுத்தாமல், மாத்திரை போடுகிறாரா, ஊசி போடுகிறாரா, கிடைக்காத நாளில் என்ன செய்கிறார் என்றும் கேட்க வேண்டும்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இந்த நிலையில் இருந்தால், "உடனே கிளம்பி வந்துடு" என்று சொல்லாதீர்கள். விலகும் நேரம்தான் மிக ஆபத்தானது, அதைத் திட்டம் போட்டுத்தான் செய்ய வேண்டும். அவளைத் தனியாகப் பார்த்து மூன்று கேள்வி கேளுங்கள்: கழுத்தைப் பிடித்திருக்கிறாரா, கொன்றுவிடுவேன் என்றாரா, வீட்டில் துப்பாக்கியோ வேறு ஆயுதமோ இருக்கிறதா. ஒன்றுக்கு ஆம் என்றாலும் விஷயம் தெரிந்தவர்களிடம் பேச வேண்டும். தமிழ்நாட்டில் பெண்கள் உதவி எண் 181, போதை மீட்புக்கு 14446. அமெரிக்காவில் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233. தமிழில் பேச வேண்டும் என்றால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் கொண்டுவருவார்கள். எங்கள் கடையில் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம், கிழித்து எடுத்துக்கொள்ளும்படி அந்த எண்ணைச் சிறு துண்டுகளாக ஒட்டியிருக்கிறோம். துண்டுகள் தீர்ந்துபோகின்றன, புதிது ஒட்டுகிறோம். கணவர் பார்க்கிற ஃபோன் பில்லில் எண் வரும் என்ற பயம் இருந்தால், தடுப்பூசி போடும் சிறு அறையில் கடை ஃபோன் ஒன்று இருக்கிறது. கேட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.